வடிவம் ஒன்று, பாகம் பல: வடிவமைப்பு நூலகங்களை ஆளும் கலை

எந்த இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு எண்ணினாலும், அதைச் செய்த நிறுவனம் தானே வடிவமைத்த பாகங்களைவிட வெளியில் வாங்கிய பாகங்களே பெரும்பாலும் எண்ணிக்கையில் மிஞ்சும். போல்ட், நட், வாஷர், பேரிங், சர்க்ளிப், ஓ-ரிங், டவல் பின் என்று பட்டியல் நீளும். இவற்றின் அளவுகளைத் தரநிலைகள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. யாரும் புதிதாக வடிவமைக்க வேண்டியதில்லை. ஒருமுறை கணினியில் மாடலாக வரைந்து வைத்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் எடுத்து அசெம்பிளியில் பொருத்துகிறார்கள். அந்த இருப்பைத்தான் வடிவமைப்பு அறைகளில் ஸ்டாண்டர்டு பார்ட் லைப்ரரி என்கிறார்கள். இக்கட்டுரையில் அதைத் தரநிலைப் பாக நூலகம் என்போம்.

வேலையை விரைவாக்கும் வசதி என்றே இந்த நூலகத்தைப் பலரும் பார்க்கிறார்கள். எத்தனை ஆயிரம் மாடல்கள் இருக்கின்றன என்பதே பெருமையாகப் பேசப்படுகிறது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலான கணினிவழி வடிவமைப்பின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. நூலகத்தில் சேர்த்து வைப்பது வடிவத்தையா, பாகத்தையா என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாத இடங்களில்தான் நூலகங்கள் சீரழிகின்றன. வடிவம் அதில் ஒரு கூறு மட்டுமே. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, எதற்கு எது ஈடு என்ற முடிவுகளின் தொகுப்புதான் நூலகம். அந்த முடிவுகளுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் எவ்வளவு நல்ல மென்பொருளாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

மரையில் தொடங்கிய ஒழுங்கு

1841இல் ஜோசப் விட்வொர்த் லண்டனில் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் ஒரு யோசனையை வைத்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த மரையை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் போல்ட் இன்னொன்றின் நட்டில் ஏறாது. பல பட்டறைகளின் மாதிரிகளைத் திரட்டி, 55 பாகைக் கோணமும் விட்டத்துக்கு ஏற்ற மரை எண்ணிக்கையும் கொண்ட ஒரு பொது முறையை விட்வொர்த் வகுத்தார். 1864இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தில் வேறொரு முறையை முன்வைத்தார். இரண்டுமே நல்ல முறைகள்தாம். ஆனால் ஒன்றோடொன்று சேராதவை. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒருவர் கருவியை மற்றவர் பழுதுபார்க்க முடியாமல் திண்டாடிய பிறகே, 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே அங்குல மரைக்கு உடன்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐஎஸ்ஓ அமைப்பு செயல்படத் தொடங்கியிருந்தது. அதன் முதல் தொழில்நுட்பக் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் மரைதான்.

இந்த வரலாற்றில் இன்னொரு பெயரும் முக்கியம். 1870களில் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார், பலூன்களுக்குப் பயன்பட்ட 425 வகைக் கயிறுகளை 17 ஆகக் குறைத்தார். அளவுகளைச் சீரான விகிதத்தில் தாண்டித் தாண்டி அமைத்தால் கொஞ்சம் அளவுகளே எல்லாத் தேவைகளுக்கும் போதும் என்பது அவர் கண்ட உண்மை. இன்றும் விருப்ப எண்கள் என்ற பெயரில் அவருடைய தொடர்கள் தரநிலைகளில் இருக்கின்றன. நூலகம் ஆள்பவர் ரெனாரிடம் கற்க வேண்டிய பாடம் இதுதான்: நல்ல இருப்பின் அடையாளம் எண்ணிக்கை கூடுவது அல்ல, தேவை நிறைவேறிய பிறகும் எண்ணிக்கை குறைவாக இருப்பது.

மூலமும் பிரதியும்

1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில் இன்றைய நூலகங்களின் கரு முழுமையாக இருந்தது. ஒரு மூலப் படத்தை வரைந்துவிட்டு அதன் பிரதிகளை எத்தனை இடத்திலும் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் எல்லாம் தாமே திருந்தும். மூலத்துக்கும் பிரதிக்கும் இடையிலான அந்த உயிர்த்தொடர்பை எப்படிக் காப்பது என்பதே அதற்குப் பின் வந்த எல்லா மென்பொருள்களின் சிக்கலும் ஆகும்.

1982இல் வந்த ஆட்டோகேட், பிளாக் என்ற வசதியைப் பரவலாக்கியது. ஒரு டிராயிங்குக்குள் மூலமும் பிரதியும் ஒழுங்காக இயங்கின. ஆனால் நூலகத்திலிருந்து ஒரு பிளாக்கை எடுத்து வைத்ததும் அதன் வரையறை அந்த டிராயிங் கோப்புக்குள் நகலாகிவிடும். பிறகு நூலகத்தில் பிழையைத் திருத்தினாலும் பழைய டிராயிங்குகள் பிழையோடுதான் இருக்கும். அதே பெயரில் வேறு வரையறையுள்ள பிளாக்கை ஒட்டினால், டிராயிங்கில் ஏற்கெனவே இருக்கும் வரையறையே நிலைக்கும். ஒரே பெயர், இரண்டு உருவம். இந்தக் கோளாறு இன்று வேறு வேடங்களில் தொடர்கிறது.

1988இல் புரோ/என்ஜினியர் அளவுகளையே மாறிகளாக்கியது. ஒரு பொது மாடலும் அதோடு ஓர் அட்டவணையும் போதும். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு போல்ட். 1995இல் வந்த சாலிட்வொர்க்ஸும் பின்னர் வந்த இன்வென்டரும் இந்த எண்ணத்தைச் சாதாரண கணினிக்குக் கொண்டுவந்தன. தரநிலைப் பாகங்களை மென்பொருளோடு சேர்த்தே தரும் வழக்கமும் அப்போது வேரூன்றியது. ஒரு போல்ட்டை வரைய ஆன நேரம் சில நொடிகளாகச் சுருங்கியது. அந்த வேகத்தில், எது பாகம் என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

ஒரே உருவம், வெவ்வேறு பொருள்

எம்12 விட்டமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட அறுகோணத் தலை போல்ட்டை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 4014 அதன் வடிவத்தைச் சொல்கிறது. ஆனால் அதே வடிவத்தில் 8.8 வலிமை வகுப்பும் கிடைக்கும், 10.9ம் கிடைக்கும், துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கும். 8.8 என்றால் இழுவிசை வலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 விழுக்காட்டில் நெகிழத் தொடங்கும். 10.9 என்றால் 1000, 90 விழுக்காடு. பூச்சு இன்னொரு வேறுபாடு. வலிமை மிகுந்த போல்ட்டுகளுக்கு மின்முலாம் பூசினால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து திடீர் முறிவுக்கு வழிவகுக்கக்கூடும். எனவே பூச்சை அழகு சார்ந்த விவரமாக ஒதுக்க முடியாது. திரையில் இவை அனைத்தும் ஒரே மாடல். ஸ்டோரில் இவை வெவ்வேறு பெட்டிகள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் இயந்திரம் நிற்கலாம், ஆள் சாகலாம்.

பேரிங்கிலும் இதே கதை. 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. ஆனால் திறந்த 6204 வேறு, இரு பக்கமும் உலோகத் தகடு மூடியது வேறு, ரப்பர் சீல் வைத்தது வேறு, சூடேறும் மோட்டாருக்காக உள் இடைவெளி கூட்டிய சி3 வேறு. மின்னணுவியல் மாணவர்கள் அறிந்த எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. பிசி547, 2என்3904 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரே கறுப்புக் கூட்டில் வருகின்றன. ஆனால் முனைகளின் வரிசை ஒன்றில் கலெக்டர், பேஸ், எமிட்டர். மற்றதில் நேர் எதிர். வகுப்பில் மூன்று செந்தில் இருந்தால் தலைப்பெழுத்துதான் ஆளைப் பிரித்துக் காட்டும். பாகங்களுக்கு அந்த வேலையைச் செய்வது பாக எண்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஒரே பாகம் பல உருவங்களில் இருக்கும். சுருள்வில் அலமாரியில் ஒரு நீளம், இயந்திரத்துக்குள் அமுங்கிய நிலையில் வேறு நீளம். ஓ-ரிங் பள்ளத்தில் நசுங்கியே வேலை செய்யும். ஒவ்வொரு நிலைக்கும் தனி மாடல் வரைந்து தனி எண் கொடுத்துவிட்டால், வாங்கும் பட்டியலில் ஒரே வில் மூன்று பெயரில் வந்து நிற்கும்.

தரநிலையே மாறும்போது குழப்பம் இன்னும் நுட்பமானது. பழைய டிஐஎன் 933 போல்ட்டில் எம்10 தலைக்கு 17 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், அதன் இடத்தைப் பிடித்த ஐஎஸ்ஓ 4017இல் 16. எம்12க்கு 19 என்பது 18 ஆனது. எம்22இல் மட்டும் 32 என்பது 34 ஆகக் கூடியது. எம்8லும் எம்16லும் மாற்றமே இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நூலகத்தில் கலந்து வைத்தவருக்குப் பெரும்பாலான நேரம் ஒன்றும் ஆகாது. தலை உட்காரும் குழியை இறுக்கமாக வடிவமைத்த அன்றுதான் தெரியும்.

கண்ணளவின் விலை

வடிவத்தைப் பார்த்துப் பாகத்தைத் தீர்மானிப்பதன் ஆபத்துக்கு, விமானப் பராமரிப்புத் துறையில் பதிவாகியிருக்கும் ஒரு நிகழ்வு சான்று. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி, சுமார் 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. விமானத் தலைவரின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைப் பாதுகாப்பாகத் தரையிறக்கினார். தலைவரும் உயிர் பிழைத்தார்.

அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் குறிப்பிட்டதைவிட 0.026 அங்குலம் குறைவு. முக்கால் மில்லிமீட்டரைக்கூட எட்டாத வேறுபாடு. ஓர் அங்குலத்துக்கு 32 மரை என்பது இரண்டு வகைக்கும் ஒன்றே என்பதால் போல்ட் உள்ளே ஏறியது, பிடிப்புதான் இல்லை. மீதி ஆறும் விட்டம் சரியாக இருந்தும் நீளம் குறைந்தவை. கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார்கள். பாகப் பட்டியலில் எண்ணைப் பார்க்கவில்லை. கழற்றிய பழையவற்றிலும் பெரும்பாலானவை பட்டியலில் சொன்ன நீளத்தில் இல்லை. ஒரு பழைய தவறே புதிய தேர்வுக்கு மாதிரியாகிவிட்டது.

வடிவமைப்பு அறையில் நடப்பதும் பல நேரம் இதே முறைதான். முந்தைய திட்டத்தின் அசெம்பிளியைத் திறந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியும் போல்ட்டை நகலெடுத்துப் புதியதில் ஒட்டுகிறோம். அது ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, இன்னும் வாங்கக் கிடைக்கிறதா என்று பார்ப்பதில்லை. நூலகம் என்று ஒன்று இருந்தும், உண்மையில் பழைய கோப்புகளே நூலகமாக இயங்குகின்றன.

எங்கே வைப்பது, எப்படி வைப்பது

நூலகம் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருப்பது மிக மோசமான ஏற்பாடு. ஒருவர் தன் கணினியில் எம்8 போல்ட்டுக்கு 35 மி.மீ. நீளத்தைச் சேர்த்திருப்பார், அடுத்தவர் கணினியில் அதே பெயருள்ள கோப்பில் அந்த நீளம் இருக்காது. அசெம்பிளியை அங்கே திறந்தால் போல்ட்டுகள் தவறான அளவில் வந்து நிற்கும். இந்தக் காட்சியைக் காணாத வடிவமைப்பு அலுவலகங்கள் குறைவு. பொதுவான ஓரிடத்தில் ஒரே நூலகம், எழுதும் உரிமை ஓரிருவருக்கு மட்டும், மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை என்பதே முதல் ஒழுங்கு. கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் பெட்டக மென்பொருள் இருந்தால் நூலகம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எல்லா அளவுகளையும் ஒரே கோப்பில் வைப்பதா, ஒவ்வோர் அளவுக்கும் தனிக் கோப்பா? ஒரே கோப்பு என்றால் திருத்துவது எளிது. ஆனால் புதிதாக ஒரு நீளத்தைச் சேர்த்தாலும் கோப்பு முழுவதும் மாறியதாகவே பதிவாகும். அதைப் பயன்படுத்தும் பழைய அசெம்பிளிகள் எல்லாம் புதுப்பிக்க வேண்டியவையாகத் தோன்றும். தனிக் கோப்பு என்றால் எண்ணும் நிலையும் ஒவ்வொன்றுக்கும் தெளிவாக இருக்கும், பொதுத் திருத்தம் கடினம். பெட்டகத்தில் பதிப்பு எண்ணோடு வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தனிக் கோப்பே பொருத்தம். போல்ட்டின் வடிவம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறும். ஆனால் அதை வாங்கலாமா என்ற நிலை அடிக்கடி மாறும்.

மாடலில் எவ்வளவு நுணுக்கம் என்பதற்கும் விதி வேண்டும். சுருள் மரையை உண்மையாகவே வெட்டிக் காட்டிய ஒரு போல்ட் பார்க்க அழகாக இருக்கும். ஆயிரம் போல்ட் உள்ள அசெம்பிளியில் அது கணினியை முடக்கும். தண்டை எளிய உருளையாக வைத்து மரையைக் குறியீடாகக் காட்டுவதே வழக்கம். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. எம்8 போல்ட் 8 மி.மீ. உருளையாகவும், அது ஏறும் துளை டேப்புக்கு முந்தைய 6.8 மி.மீ. துளையாகவும் வரையப்பட்டிருந்தால், மோதல் சோதனையில் ஒவ்வொரு போல்ட்டும் பிழையாக வரும். அந்தப் பொய்ப் பிழைகளுக்கு நடுவே உண்மையான மோதல் ஒன்று தப்பிவிடும். துளையும் போல்ட்டும் ஒரே விதியில் வரையப்பட வேண்டும் என்பதால்தான் இதைத் தனிநபர் பழக்கத்துக்கு விட முடியாது.

விற்பனையாளர்களின் மாடல்களைத் தரும் இணையச் சேவைகள் இன்று பெருவசதி. பிரான்சின் டிரேஸ்பார்ட்ஸ், ஜெர்மனியின் கடேனாஸ் போன்றவை ஆயிரக்கணக்கான பட்டியல்களைத் திரட்டித் தருகின்றன. ஒரு சிலிண்டரையோ கியர்பாக்ஸையோ நாமே வரைவது வீண்வேலை. ஆனால் பதிவிறக்கியதை நேரே அசெம்பிளியில் போடுவது வேறு விஷயம். கோப்பின் பெயர் அவர்களுடையது, உள் திருகுகள்வரை வரையப்பட்ட கனம் நமக்குத் தேவையற்றது, நிறை பல நேரம் சரியாக இராது. 1994இல் முதலில் வெளியான ஸ்டெப் தரநிலை வடிவத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு நம்பகமாகக் கடத்துகிறது. அளவை மாற்றும் அறிவைப் பொதுவாக அது கடத்துவதில்லை. வடிவத்துக்கு அப்பால் பாகத்தைப் பற்றிய அறிவைக் கடத்தும் முயற்சியாகவே பாக நூலகங்களுக்கான ஐஎஸ்ஓ 13584, பாகப் பண்புகளை அட்டவணையாக்கும் டிஐஎன் 4000, தொழிற்பொருள்களை வகைப்படுத்தும் ஈகிளாஸ் ஆகியவை எழுந்தன. இவற்றின் அடிப்படை நோக்கு இக்கட்டுரையின் வாதத்தோடு ஒத்துப்போகிறது: ஒரு பாகத்தை வரையறுப்பது அதன் பண்புகளின் பட்டியல்; படம் அதில் ஒன்று.

சர்க்யூட் போர்டு காட்டும் வழி

இயந்திரவியலைவிட மின்னணுவியல் இதில் முன்னால் நிற்கிறது. அங்கே தவறின் தண்டனை உடனடியானது: போர்டில் ஒரு பாகத்தின் கால்தடம் பிசகினால், அச்சிட்ட போர்டு முழுவதும் கழிவு. அதனால்தான் சுற்றுப்படக் குறியீடு, போர்டில் பற்றவைக்கும் கால்தடம், முப்பரிமாண உருவம், வாங்கும் எண் ஆகிய நான்கையும் பிரித்தறியும் பழக்கம் அங்கே இயல்பாகியது. கால்தடங்களுக்கென்றே ஐபிசி-7351 என்ற தரநிலை 2005இல் வந்தது.

1992இல் பிரான்சில் ழான்-பியேர் ஷரா தொடங்கிய கீகேட் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நூலகத்துக்கு யாரும் பங்களிக்கலாம். ஆனால் பெயரிடும் முறை, கோட்டின் தடிமன், முதல் முனையின் அடையாளம் என எல்லாவற்றுக்கும் எழுதி வைத்த விதிகள் உண்டு. இன்னொருவர் சரிபார்த்த பிறகே பாகம் உள்ளே சேரும். 2023இல் வந்த ஏழாம் பதிப்பில், நிறுவனத்தின் தரவுத்தளத்தையே நூலகமாக இணைக்கும் வசதியும் வந்தது. ஊதியமில்லாத் தன்னார்வலர்கள் காக்கும் இந்தக் கட்டுப்பாட்டை, சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் பல இயந்திர நிறுவனங்கள் காப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

நம் ஊரின் இரட்டை மரை

இந்தியாவில் இந்திய தரநிலை நிறுவனம் 1947இல் பிறந்து, 1987இல் இந்திய தர நிர்ணய அமைவனம் ஆனது. அறுகோணப் போல்ட்டுகளுக்கான ஐஎஸ் 1364 இன்று ஐஎஸ்ஓவோடு ஒத்துப்போகிறது. ஆனால் நம் வடிவமைப்பாளர் மேசையில் ஒரே நாளில் ஐஎஸ், ஐஎஸ்ஓ, டிஐஎன், அமெரிக்க அங்குல அளவு என எல்லாம் வந்து விழும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வடிவமைப்பு வேலை செய்துதரும் அலுவலகங்களில் வாடிக்கையாளருக்கு ஒரு நூலகம் என்ற நிலை.

கோவையில் உருவாகும் ஒரு பம்ப்பைப் பாருங்கள். உறையை இறுக்குவது மெட்ரிக் போல்ட். தண்ணீர் வெளியேறும் வாயில் இருப்பதோ விட்வொர்த்தின் 55 பாகைக் கோணத்தைத் தாங்கிவரும் பிரிட்டிஷ் குழாய் மரை. ஓர் அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் 33.249 மி.மீ.; அங்குலக் கணக்கான 25.4 அல்ல. பெயரிலுள்ள எண்ணை அளவென்று நம்பி வரையும் புதியவர் இங்கே தவறுவார். 1841இன் மரையும் பிந்தைய மெட்ரிக் மரையும் ஒரே அசெம்பிளியில் வாழும் இந்த நாட்டில், பெயருக்கும் அளவுக்கும் உள்ள உறவை ஒருமுறை சரியாகப் பதிந்து வைத்த நூலகம் புதியவருக்கு ஆசிரியரும் ஆகிறது.

ஆள்பவருக்கான விதிகள்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சில விதிகள் தெளிவாகின்றன. முதலாவது, தனியாக வாங்கக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரே பொருள். வலிமை வகுப்பும் பூச்சும் எண்ணுக்குள் அடங்க வேண்டும், குறிப்புரையில் அல்ல. ஒன்றுக்குப் பதில் ஒன்றை எந்தத் தயக்கமும் இல்லாமல் பொருத்த முடியும் என்றால் திருத்தத்துக்குப் பின்னும் பழைய எண் தொடரலாம். முடியாதென்றால் புது எண்.

இரண்டாவது, தேர்ந்த சிறு பட்டியல். மெட்ரிக் மரைத் தரநிலையே எம்14, எம்18, எம்22 ஆகியவற்றை இரண்டாம் தேர்வாகத்தான் வைக்கிறது. பத்து விட்டம், பதினைந்து நீளம், மூன்று வலிமை, மூன்று பூச்சு என்று அனுமதித்தாலே 1350 பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் கொள்முதல், இருப்பு, ஆய்வு, உதிரிபாகச் சேவை என்று செலவு தொடரும். பாதியை நீக்கினால் எந்த இயந்திரமும் கெட்டுவிடாது.

மூன்றாவது, எதையும் அழிக்காதே, நிலையைக் குறி. அனுமதிக்கப்பட்டது, புதிய வடிவமைப்புக்கு ஆகாது, வழக்கொழிந்தது என்ற மூன்று நிலைகள் போதும். இருபது ஆண்டுப் பழைய இயந்திரத்துக்கு உதிரிபாகம் கேட்டு ஒருவர் வரும் நாளில், அழித்த கோப்பு திரும்பி வராது.

நான்காவது விதிதான் நடைமுறையில் நூலகத்தின் உயிரைத் தீர்மானிப்பது: புதுப் பாகம் கேட்பவருக்கு விரைவாக விடை கொடு. கோரிக்கை வாரக்கணக்கில் கிடந்தால், வடிவமைப்பாளர் தானே ஒன்றை வரைந்து தன் கோப்புறையில் வைத்துக்கொள்வார். நூலகத்துக்கு வெளியே வளரும் போலி நூலகங்கள் பெரும்பாலும் சோம்பலால் வருவதில்லை, காத்திருப்பால் வருகின்றன. விடை “வேண்டாம், இதோ இருக்கும் இதைப் பயன்படுத்துங்கள்” என்று இருந்தாலும் போதும், அன்றே வர வேண்டும்.

வடிவத்தை ஒப்பிட்டு இரட்டைப் பாகங்களைக் கண்டுபிடிக்கும் தேடல் கருவிகள் இப்போது பரவலாகின்றன. குவிந்து கிடக்கும் பழைய கோப்புகளைத் துப்புரவாக்க அவை உண்மையாகவே உதவும். ஆனால் 8.8க்கும் 10.9க்கும் உள்ள வேறுபாடு வடிவத்தில் இல்லை. பண்புகளை யாரேனும் சரியாகப் பதிந்து வைத்திருந்தால்தான் எந்தக் கருவியும் அதைக் காணும்.

பொறுப்பு யாருடையது

ஆகவே இந்தக் கேள்வியின் முடிச்சு மென்பொருளில் இல்லை. வடிவமைப்பு, கொள்முதல், ஸ்டோர், தர ஆய்வு என நான்கு துறைகளும் ஒரே எண்ணை ஒரே பொருளில் பயன்படுத்த வைக்கும் ஒருவர் வேண்டும். பெரிய நிறுவனத்தில் அது ஒரு சிறு குழு. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அனுபவமுள்ள ஒரு வரைவாளர், வாரத்தில் சில மணி நேரம், ஓர் அட்டவணைக் கோப்பு என்ற அளவில் தொடங்கிவிடலாம். விலையுயர்ந்த எதையும் வாங்கத் தேவையில்லை.

அவருக்கு இரண்டு அதிகாரங்கள் வேண்டும்: வேண்டாம் என்று சொல்வது, நிலையை மாற்றுவது. இன்று பெரும்பாலான இடங்களில் இந்த வேலையைச் செய்பவருக்கு இரண்டும் இல்லை. அவருடைய பணி விவரத்தில் இந்த வேலையே எழுதப்பட்டிருப்பதில்லை. புதிய இயந்திரத்தை வடிவமைத்தவர் பாராட்டுப் பெறுகிறார். அந்த இயந்திரத்தில் தேவையற்ற நாற்பது வகைப் போல்ட்டுகள் வராமல் தடுத்தவரை யாரும் அறிவதில்லை. தடுத்ததும் வடிவமைப்பே. நிறுவனங்கள் அதை அப்படி மதித்து, அந்த மேசைக்கு ஆளும் நேரமும் அதிகாரமும் கொடுக்கத் தொடங்கினால், நூலகச் சிக்கல்களில் பெரும்பாலானவை மென்பொருளின் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிராது.